தோட்டத்து அடுப்படியும் தாமான் குசினியும்

(மலாக்கா மாநிலத் தமிழ்ப் பெற்றோர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவு)



'சுற்றுச்சூழலுக்கு உகந்த சமையலறை' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இதைக் கேட்டதும் பலருக்கு மூங்கில் கரண்டியும், வரிசையாக அடுக்கிய கண்ணாடி ஜாடியும், கொஞ்சம் கூடுதல் விலையும் நினைவுக்கு வரும். பேரங்காடியில் அதற்கென்று தனி அடுக்கே வைத்து விற்கிறார்கள். நான் அந்த அடுக்கைப் பற்றிப் பேச வரவில்லை. நம் குசினிக்குள் எது வருகிறது, அது முடிந்தபின் எங்கே போய்ச் சேருகிறது என்பதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

முதலில் குப்பை லாரியிலிருந்து தொடங்குகிறேன். 2007ஆம் ஆண்டின் திடக்கழிவுச் சட்டத்தை ஏற்றுக்கொண்ட மாநிலங்களில் மலாக்காவும் ஒன்று. அதன்படி 2015 செப்டம்பர் 1 முதல் வீட்டுக் குப்பையை வீட்டிலேயே பிரித்துவைப்பது கட்டாயம். பேப்பர் தனி, பிளாஸ்டிக் தனி, கண்ணாடியும் தகரமும் மற்றவையும் தனி. இவற்றை எடுக்க லாரி வாரத்தில் ஒருநாள் வரும். மிச்சக் குப்பைக்கு வாரத்தில் இரண்டு நாள். அந்த 'மிச்சக் குப்பை' எது? சோறு, குழம்பு, காய்த்தோல், மீன் செதில், தேங்காய்ச் சக்கை. குசினியில் அன்றாடம் சேர்வதெல்லாம் அதில்தான் போகிறது. 2012ஆம் ஆண்டு நாடு தழுவி எடுத்த ஆய்வு ஒன்றில் நம் வீட்டுக் குப்பையில் 44.5 விழுக்காடு உணவுக் கழிவு என்று தெரியவந்தது. பிளாஸ்டிக் 13 விழுக்காட்டை ஒட்டித்தான் இருந்தது. நாம் பிளாஸ்டிக்கைப் பற்றி ஓயாமல் பேசுகிறோம். பேசவேண்டியதுதான். ஆனால் பையில் பாதி கனம் சோறும் காய்த்தோலும் என்பதை யாரும் நம்மிடம் அழுத்திச் சொல்வதில்லை.

அந்தப் பை சுங்கை ஊடாங் குப்பை நிலத்துக்குப் போகிறது. அங்கே காற்றுப் படாமல் புதைந்து அழுகும் சோறு மீத்தேன் வாயுவைக் கக்குகிறது. 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால் மீத்தேன் கரியமில வாயுவைவிட 80 மடங்கு பூமியைச் சூடாக்கும். குப்பையிலிருந்து வடியும் கறுப்புச் சாற்றைச் சுத்திகரிக்கப் பெரும் செலவாகிறது. ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு போட்ட கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 105 கோடி டன் உணவு வீணாயிற்று. அதில் பெரும்பங்கு கடையிலோ ஹோட்டலிலோ வீணாகவில்லை, வீடுகளில்தான் வீணானது.

நம் முன்னோர் இப்படி வீணாக்கவில்லை. வீணாக்க அவர்களால் முடிந்தும் இருக்காது. ஏன் என்று கொஞ்சம் நிதானமாகப் பார்க்கவேண்டும்.

மலாயாவின் ரப்பர்த் தோட்டக் கதை இந்த மாநிலத்தில்தான் தொடங்குகிறது. 1896ஆம் ஆண்டு தான் சாய் யான் என்னும் மலாக்காச் சீன வணிகர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். வணிக நோக்கில் இந்நாட்டில் போட்ட முதல் ரப்பர்த் தோட்டம் அதுதான். அடுத்துப் புக்கிட் அசஹான். பிறகு ஜாசின், அலோர் காஜா வட்டாரமெங்கும் தோட்டங்கள் பெருகின; நம் பாட்டன் பாட்டிமார் லயத்து வீடுகளில் குடியேறினார்கள். இருட்டோடு எழுந்து உலை வைத்து, பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, பால்மரம் வெட்டப் போனார்களே அந்தப் பெண்கள், அவர்களுடைய அடுப்படியை நினைத்துப்பாருங்கள். காய்ந்து விழுந்த ரப்பர்க் கிளைதான் விறகு. அடுப்புச் சாம்பல் பாத்திரம் துலக்க. அரிசி களைந்த கழுநீர் மாட்டுத் தொட்டிக்கு. மிஞ்சிய சோறு கோழிக்கு. காலியான பால் டின் அரிசி அளக்க. அதே டின்னில் கம்பி கோத்தால் கோப்பி வாங்கிவரும் தூக்கு. மண்ணெண்ணெய் டின் குளிக்க வெந்நீர் காய்ச்ச. மாவுச் சாக்கைப் பிரித்துத் துவைத்தால் வடிகட்டும் துணி. குசினியில் குப்பைத்தொட்டி என்று ஒன்று இருந்ததாகத் தோட்டத்தில் வளர்ந்த பெரியவர்கள் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

ஒரு தேங்காயை எடுத்துக்கொள்வோம். உடைத்த தண்ணீர் பிள்ளைக்கு. துருவிப் பிழிந்த முதற்பால் குழம்பை இறக்கும்போது ஊற்ற, இரண்டாம் பால் காய் வேக. சக்கை கோழிக்கு. சிரட்டையில் நல்லது அகப்பைக்கு, மற்றது கரியாகி இஸ்திரிப் பெட்டிக்கு. நார் பாத்திரம் தேய்க்க. ஒரு காயில் எறிவதற்கு ஒன்றுமில்லை. இன்று பசாரில் இயந்திரம் பாலைப் பிழிந்து பிளாஸ்டிக் பையில் கட்டித் தருகிறது. அந்தப் பையைத் தூக்க இன்னொரு பை. சக்கை எங்கே போகிறதென்று நமக்குத் தெரியாது. கையில் தூக்கோடு போனால் பெரும்பாலான வியாபாரிகள் வெறும் பாத்திரத்தை முதலில் நிறுத்துவிட்டு அதிலேயே பாலை ஊற்றித் தருவார்கள். கேட்கத்தான் கொஞ்சம் கூச்சம். இரண்டாம் முறை கேட்கும்போது அது போய்விடும்.

பழையதெல்லாம் பொற்காலம் என்று நான் சொல்லவரவில்லை. அந்தச் சிக்கனத்தின் பாதி வறுமை. அடுப்படிப் புகை கண்ணையும் நெஞ்சையும் தின்றது. விறகும் கரியும் எரித்துச் சமைக்கும் வீட்டுப் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. எந்தத் தாயையும் விறகடுப்புக்குத் திரும்பிப் போகச் சொல்ல எனக்கு மனம் வராது. அந்தக் குசினியில் என்னை நிறுத்தி யோசிக்கவைப்பது வேறொன்று. அங்கே கொல்லைக்கதவைத் திறந்தால் மண் இருந்தது. முருங்கை, கறிவேப்பிலை, மிளகாய், வாழை இருந்தன. மாடும் கோழியும் இருந்தன. குசினியிலிருந்து வெளியேறிய எதற்கும் போய்ச்சேர ஓர் இடம் இருந்தது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டம் கைமாறி வீடமைப்பு நிலமானது. நம் குடும்பங்கள் தாமான் எனப்படும் வீடமைப்புப் பகுதிகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் வந்தன. அம்மியைச் சிலர் சுமந்துவந்தார்கள், எவர்சில்வர் குடத்தைப் பலர் கொண்டுவந்தார்கள். மண்ணை மட்டும் யாராலும் கொண்டுவர முடியவில்லை. தாமானுக்கு வந்ததும் பின்கட்டில் சிமெண்டு போட்டோம், சேறு தெறிக்காமல் துணி காய. ஆக, இன்று நாம் அதிகம் வீணாக்குகிறோம் என்றால் நம் பெண்களுக்குப் பொறுப்புக் குறைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. வீணாகாமல் காத்த இடம் போய்விட்டது. அந்த இடத்தைத் திரும்ப உண்டாக்கவேண்டும். மற்ற யோசனைகளெல்லாம் எனக்கு அதற்கு அடுத்தபடிதான்.

எப்படி உண்டாக்குவது? ஒரு காலி பெயிண்ட் வாளி போதும். மூடியோடு இருக்கவேண்டும். அடியிலும் பக்கவாட்டிலும் ஆணியைச் சுடவைத்துத் துளை போடுங்கள். அடியில் ஒரு கைப்பிடி உயரத்துக்குக் காய்ந்த இலை, தேங்காய் நார், மரத்தூள், எது கிடைக்கிறதோ அது. அதன்மேல் அன்றைய காய்த்தோல், பழத்தோல், தேயிலைச் சக்கை, முட்டை ஓடு. அதை மறுபடி இலையால் மூடிவிடவேண்டும். ஈரமானது ஒரு பங்கென்றால் காய்ந்தது இரண்டு பங்கு. சிலநாளுக்கு ஒருமுறை ஒரு குச்சியால் கிளறிக் காற்றுப் படவிடுங்கள். நாற்றம் வந்தால் ஈரம் அதிகமென்று அர்த்தம். காய்ந்ததைச் சேர்த்தால் அடங்கிவிடும். கறித்துண்டு, மீன், எண்ணெய் மிதக்கும் குழம்பு இவற்றைப் போடவேண்டாம், எலி வரும். நம் ஊரில் இன்னொரு கவனமும் வேண்டும்: வாளிக்கடியில் வைக்கும் தட்டில் தண்ணீர் தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிடும். தட்டில் மணல் போட்டுவிடுங்கள். மழை படாத இடத்தில் வையுங்கள். இந்த வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் இரண்டு மூன்று மாதத்தில் கறுத்து, உதிரியாக, மழை பெய்த காட்டு மண் வாசனையோடு எரு கிடைக்கும்.

இதை நான் கண்டுபிடிக்கவில்லை. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல ஆண்டுகளாகத் தமிழிலும் இதைச் சொல்லிவருகிறது. தமிழ்ப்பள்ளிகளுக்குப் போய்ச் செய்தும் காட்டியிருக்கிறது. 2019ஆம் ஆண்டு மறைந்த அதன் தலைவர் முகமது இத்ரிஸ் அவர்கள் தமிழகத்தில் பிறந்து இந்நாட்டுக்கு வந்தவர். எளிய வாழ்க்கையைப் பேசியதோடு நிற்காமல் வாழ்ந்தும் காட்டியவர். பழத்தோல், கறுப்புச் சர்க்கரை, தண்ணீர் கலந்து மூன்று மாதம் புளிக்கவைக்கும் என்சைம் பற்றியும் உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். தரை துடைக்கவும் கழுவுதொட்டி தேய்க்கவும் அது நன்றாகவே உதவும். ஆறுகளையே தூய்மையாக்கும், நோய் தீர்க்கும் என்றெல்லாம் பரப்புகிறார்களே, அதை நம்பாதீர்கள்.

அடுக்குமாடியில் இருப்பவர்கள், "எருவை எங்கே ஐயா கொட்டுவது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நம் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றில் தோட்டம் போட இடமிருக்கிறது. பிள்ளை வாரத்தில் ஒருநாள் வீட்டு எருவைப் பள்ளிக்குக் கொண்டுவரட்டும். அறிவியல் பாடமும் அங்கேயே நடக்கட்டும்.

இனிப் பாத்திரங்கள். எந்தப் பாத்திரம் நல்லது என்று எங்கு போனாலும் கேட்கிறார்கள். உங்கள் வீட்டில் ஏற்கெனவே இருப்பதுதான் என்பது என் பதில். பிளாஸ்டிக் டப்பாக்களையெல்லாம் ஒரே நாளில் தூக்கியெறிந்துவிட்டுக் கண்ணாடி வாங்குவதால் பூமிக்கு ஒரு நன்மையும் இல்லை. அந்த டப்பாக்களில் பருப்பும் மிளகாயும் போட்டுவையுங்கள். சூடான சாம்பாரை மட்டும் ஊற்றாதீர்கள். அலுமினியச் சட்டியில் புளிக்குழம்பு வைக்கவேண்டாம், புளிப்பு உலோகத்தைக் கரைக்கும். சட்டி தேய்ந்து ஓட்டையானால் குப்பையில் போடாமல் பழைய சாமான் வாங்கத் தெருவில் வரும் பேப்பர் லாமா லாரிக்குக் கொடுங்கள். ஒரு கிலோ புதிய அலுமினியம் எடுக்க 14, 15 கிலோவாட் மணி மின்சாரம் ஆகிறது. பழையதை உருக்கினால் அதில் 20இல் ஒரு பங்கு போதும்.

ஒட்டாத சட்டியை, அதாவது நான்ஸ்டிக்கை, வாங்கும்போது யோசியுங்கள். அதன் பூச்சைத் தயாரிக்க முன்பு பயன்பட்ட ஒரு வேதிப்பொருளை 2019ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின்கீழ் ஒழிக்கவேண்டிய பட்டியலில் சேர்த்தார்கள். இப்போது வேறு பூச்சுகள் வருகின்றன. ஆனாலும் கீறல் விழுந்தால் அந்தச் சட்டியின் ஆயுள் முடிந்தது, சரிசெய்ய வழியில்லை. இரும்புத் தோசைக்கல் அப்படியல்ல. துருப்பிடித்த கல்லையும் மீட்டுவிடலாம். மணல் அல்லது கரகரப்பான நாரால் தேய்த்து, கழுவி, அடுப்பில் முழுக்கக் காயவைத்து, மெல்லிய எண்ணெய் தடவிப் புகை வரும்வரை காய்ச்சி, ஆறவிட்டு மறுபடியும் அப்படியே செய்யவேண்டும். பாதி வெட்டிய வெங்காயத்தை எண்ணெயில் தோய்த்துக் கல்லில் தேய்த்து முதல் தோசையை ஊற்றிப் பாருங்கள். ஒட்டினால் இன்னொரு முறை. இப்படிப் பழக்கிய கல் மருமகள் காலத்துக்கும் வரும். மண்சட்டி வேண்டுமென்றால் கோலசிலாங்கூர்ப் பக்கம் நம் தமிழ்க் குயவர்கள் இன்னமும் சக்கரம் சுற்றுகிறார்கள். பொங்கலுக்கு ஒரு பானையோடு நிறுத்திவிடாமல் குழம்புச்சட்டியும் வாங்கினால் அந்தத் தொழிலும் பிழைக்கும்.

எரிவாயு பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 14 கிலோ தோம்பு 26 வெள்ளி 60 காசுக்குக் கிடைப்பது அரசாங்க மானியத்தால். மலிவாகக் கிடைப்பதால் திறந்த சட்டியில் கடலையை ஒருமணி நேரம் வேகவைக்கிறோம். இரவே ஊறப்போட்டு, பிரஷர் குக்கரில் வைத்தால் அதில் பாதி நேரம்கூட ஆகாது. மூடிபோட்டுச் சமைப்பதற்குக் காசு செலவில்லை. ரைஸ் குக்கரில் சோறு வெந்தபின் காலை முதல் இரவுவரை 'வார்ம்' விளக்கு எரிந்துகொண்டிருக்கிறதே, அதை அணைத்துவிட்டுச் சாப்பாட்டு நேரத்தில் சூடாக்குங்கள். தண்ணீரைப் பற்றி மலாக்காக்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 1991ஆம் ஆண்டு டுரியான் துங்கால் அணை வறண்டு, பங்கீட்டுத் தண்ணீருக்கு வாளியோடு நின்றவர்கள் இந்த அவையிலேயே இருப்பீர்கள். அரிசி களைந்த தண்ணீரும் காய் கழுவிய தண்ணீரும் செடிக்குப் போகட்டும்.

எண்ணெயைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று பேசவேண்டும். தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் சுட்டு முடித்தபின் அந்தச் சட்டி எண்ணெய் எங்கே போகிறது? பல வீடுகளில் கழுவுதொட்டிக்கு. அங்கிருந்து லோங்காங் என்கிற சாக்கடைக்கு. குழாயில் உறைந்து அடைக்கிறது. அடைக்காதது ஆற்றுக்குப் போகிறது. மலாக்கா ஆறு ஒரு காலத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு கடக்கவேண்டிய ஆறாக இருந்தது. பெரும்பணம் செலவிட்டுச் சீராக்கினார்கள். 2008ஆம் ஆண்டு மலாக்கா உலகப் பாரம்பரிய நகரமாயிற்று. இன்று சுற்றுப்பயணிகள் அந்த ஆற்றில் படகில் போகிறார்கள். அதற்குள் நம் வீட்டு எண்ணெய் போகக்கூடாது. ஆறவைத்து, துணியில் வடிகட்டி, அதே எண்ணெய்ப் போத்தலில் ஊற்றிச் சேர்த்துவையுங்கள். பழைய எண்ணெயை வாங்கி பயோடீசல் தயாரிக்க அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் வட்டாரத்தில் யார் வாங்குகிறார்கள் என்று மறுசுழற்சி நிலையத்தில் கேட்டுப்பாருங்கள். ஒரு தாமானில் பத்து வீடு சேர்ந்து ஒரு டிரம் வைத்தால் கொஞ்சம் காசும் வரும்.

சமைக்காத நாளில் தப்பாவ், அதாவது பொட்டலச் சாப்பாடு, வாங்குகிறோம். அதைக் குறை சொல்ல மாட்டேன். இரண்டு ஷிப்டு வேலை செய்யும் தாய்க்கு அதுதான் ஓய்வு. ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். நாசி லெமாக் கட்டிவரும் பழுப்புத் தாளைப் பேப்பர் என்று நினைத்துப் பேப்பரோடு போடுகிறோம். அதன் உட்பக்கம் பிளாஸ்டிக் மெழுகியது, மறுசுழற்சிக்கு ஆகாது. 'மக்கும் பை' என்று எழுதிய பைகளில் சில மக்குவதில்லை, பொடிப்பொடியாக உடைகின்றன, அவ்வளவுதான். அந்த வகைப் பொருட்களை ஐரோப்பிய ஒன்றியம் தடை செய்துவிட்டது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை எறியும் பிளாஸ்டிக் பொருட்களில் 14 வகைக்குத் தடை. பிறகு 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று ஓர் இயக்கமே தொடங்கவேண்டியிருந்தது. தடைமட்டும் போதவில்லை, தாத்தாமார் கையில் இருந்த மஞ்சள் துணிப்பையை மறுபடி கையில் பிடிக்கப் பழக்கவேண்டியிருந்தது.

கடைசியாக, என் மனத்தில் நெடுநாளாகக் கிடக்கும் ஒன்று. நம் வீட்டுக் குசினியைவிடப் பெரிய குசினி நம் கோயிலில் இருக்கிறது. அங்கே நாம் எதில் பரிமாறுகிறோம் என்று யோசிக்கும்முன், காஜா பேராங்கில் வாழும் மலாக்காச் செட்டிச் சமூகத்தைப் பாருங்கள். சுல்தான்கள் காலத்தில் வணிகத்துக்கு வந்து இங்கேயே வேரூன்றியவர்கள். தமிழ்ப் பேச்சு நின்றுபோயிற்று. ஆனால் பொங்கலுக்கு முந்தின நாள் முன்னோருக்குப் படைக்கும் பார்ச்சுச் சடங்கில் இன்றைக்கும் வாழையிலை விரித்துத்தான் பரிமாறுகிறார்கள். மொழி மறந்த இடத்திலும் இலை மறக்கவில்லை. மொழியை வைத்திருக்கும் நாம் அன்னதானத்துக்குப் பாலிஸ்டிரீன் பெட்டி வாங்குகிறோம்.

செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயிலில் மாசி மகத்துக்கு நாடெங்கிலுமிருந்தும், சிங்கப்பூரிலிருந்தும் கூட்டம் வருகிறது. வழிநெடுகத் தண்ணீர்ப் பந்தல், மோர்ப் பந்தல், அன்னதானம். கொடுக்கிறவர்களின் மனம் தங்கமானது. ஆனால் காவடி போன வழியில் மறுநாள் நடந்துபாருங்கள். நசுங்கிய பிளாஸ்டிக் குவளையும் வெள்ளைப் பெட்டியும் லோங்காங்கை நிறைத்துக் கிடக்கும். அள்ளுகிறவர்கள் துப்புரவுத் தொழிலாளிகள். அவர்களில் நம்மவர்களும் உண்டு.

இதற்கு வழி இருக்கிறது. கேரளத்தில் 2015ஆம் ஆண்டுத் தேசிய விளையாட்டுப் போட்டியைப் பெருங்கூட்டத்தோடு நடத்தியபோது எறியும் தட்டு, குவளையைத் தவிர்த்து, கழுவிப் பயன்படுத்தும் பாத்திரங்களைக் கொண்டுவந்தார்கள். அது பிறகு கல்யாணங்களுக்கும் பரவியது. நம் கோயில் நிர்வாகங்கள் சேர்ந்து எவர்சில்வர் குவளைகளை ஒருமுறை வாங்கி, பந்தல் போடுகிறவர்களுக்கு வாடகையின்றிக் கொடுக்கலாம். பந்தலுக்குப் பக்கத்தில் மூன்று பெரிய அண்டா: ஒன்றில் சோப்பு நீர், இரண்டில் நல்ல நீர். கழுவும் வேலையை இளைஞர் பிரிவு எடுத்துக்கொள்ளட்டும். பெண்கள் தலையில் மட்டும் கட்டாதீர்கள். வீட்டிலும் அப்படித்தான்: எருவாளியைக் கிளறுவதும் எண்ணெயை வடிகட்டுவதும் தாய்க்கு இன்னொரு வேலையாக வந்து சேர்ந்தால் ஒரு மாதத்தில் அவள் கைவிடுவாள். கைவிட்டால் அது அவள் குற்றமில்லை. ஆண்களே, பிள்ளைகளே, வாளி உங்கள் பொறுப்பு.

சாப்பாட்டுக்கு வாழையிலை. ஆயிரக்கணக்கில் இலை கிடைக்குமா என்று கேட்பார்கள். ஆறு மாதம் முன்னால் ஜாசின் பக்கத்து வாழைத் தோட்டக்காரர்களிடம் சொல்லிவைத்தால் கிடைக்கும் என்றுதான் நம்புகிறேன். விழாவுக்கு முதல்நாள் தேடினால் கிடைக்காது. எச்சில் இலையைப் பிளாஸ்டிக் கலக்காமல் தனியாகச் சேர்த்தால் அதுவே எரு. இந்த அவையில் கோயில் பொறுப்பாளர்கள் சிலர் அமர்ந்திருப்பதைப் பார்க்கிறேன். அடுத்த மாசி மகத்துக்கு ஒரே ஒரு பந்தலையாவது இப்படி நடத்த யார் முன்வருகிறீர்கள் என்று கூட்டம் முடிந்ததும் எனக்குச் சொல்லுங்கள். அண்டா தூக்க நானும் வருகிறேன்.